அமெரிக்க வரலாற்று நாட்காட்டிக்கு உங்கள் உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். எங்கள் நூலக வாசகர் வட்டத்துக்காக, அமெரிக்க வரலாற்றின் விசித்திரமான, ஊரே தூற்றிய நிகழ்வுகளைத் தேதிவாரியாகத் தொகுத்து வருகிறேன்.

பிப்ரவரி 27-க்கு டேனியல் சிக்கிள்ஸைத் தேர்ந்திருக்கிறேன். நாடாளுமன்ற உறுப்பினரான அவர், 1859-இல் அந்த நாளில், தம் மனைவி தெரசாவுடன் உறவு வைத்திருந்த வாஷிங்டன் அரசு வழக்கறிஞர் பிலிப் பார்ட்டன் கீயை வெள்ளை மாளிகைக்கு எதிரிலுள்ள சதுக்கத்தில் பட்டப்பகலில் சுட்டுக் கொன்றார். தற்காலிகச் சித்தப்பிரமை என்ற வாதத்தின் பேரில் ஏப்ரல் 26 அன்று விடுதலையும் பெற்றார். ஜூலை 2-உம் அவருடையதே: 1863-இல், அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது நடந்த கெட்டிஸ்பர்க் சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டு வலது காலை இழந்தவர், அந்த எலும்பைச் சிறிய சவப்பெட்டி போன்ற பெட்டியில் இராணுவ மருத்துவ அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவைத்து, பின்னாளில் அதை நேரில் சென்று பார்த்தும் வந்தார்.

கொன்றவர் தளபதியாக உயர, தெரசாவோ ஊரால் ஒதுக்கப்பட்டு 1867-இல் இளம்வயதிலேயே இறந்தார். அவரை ஓரிரு வரிகளில் கடந்துவிட எனக்கு மனம் ஒப்பவில்லை. அவரைப் பற்றிய நம்பகமான நூலோ கட்டுரையோ தெரிந்தவர்கள் தயவுசெய்து குறிப்பிடுங்கள். ஆகஸ்ட், நவம்பர் மாதங்களுக்கு இத்தகைய நிகழ்வுகள் தெரிந்தாலும் சொல்லுங்கள். நீதிமன்றப் பதிவோ அக்காலச் செய்தித்தாளோ சான்றாக இருப்பது அவசியம்.