மறு: ஜியோகோடிங் – ‘புவிசார் குறியாக்கம்’ வேண்டாம், ‘இடங்காணல்’ போதும்

எல்லோருக்கும் வணக்கம்.

எழுதிக் கொடுத்த முகவரிக்கு வரைபடத்தில் இடம் கண்டுபிடிக்கும் ‘ஜியோகோடிங்’ வேலைக்குத் தமிழில் என்ன சொல் என்று பேசும் இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டுதான் இருந்தேன், பதில் எழுத நேரம் வாய்க்கவில்லை. காரைக்குடிப் பக்கத்தில் ஒரு ஊர்க் கோயிலுக்காக வீட்டு முகவரிகளை இணைய வரைபடத்தில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். தரவுத்தளத்தில் சுமார் 1,200 வரிசை. அந்த வேலையில் பட்டதை வைத்துத்தான் சொல்கிறேன்.

> புவிசார் குறியாக்கம் என்பதுதான் நேரான மொழிபெயர்ப்பு, அதையே வைத்துக்கொள்ளலாம்.

அண்ணே, இதை என்னால் ஏற்க முடியவில்லை. ‘புவிசார் குறியீடு’ ஏற்கெனவே வேறொன்றுக்கு வேரூன்றிவிட்டது. எங்கள் கண்டாங்கிச் சேலைக்கு 2019இல் கிடைத்ததே, அதுதான் இங்கே எல்லோருக்கும் புவிசார் குறியீடு. கடைசியை மட்டும் மாற்றி ‘குறியாக்கம்’ என்றால் கேட்பவருக்குச் சேலைதான் நினைவுக்கு வரும். அதைவிட முக்கியம், இங்கே எதையும் யாரும் குறியாக்குவதில்லை. தெரு, ஊர், அஞ்சல் எண் என்று எழுதிக் கொடுக்கிறோம், அகலாங்கு (அட்சரேகை), நெட்டாங்கு (தீர்க்கரேகை) என்று இரண்டு எண்கள் திரும்பி வருகின்றன. காரைக்குடி என்றால் ஏறக்குறைய 10.07, 78.78. முகவரியைக் கொடுத்து இடத்தைக் காண்கிறோம், அவ்வளவுதான். அதனால் ‘இடங்காணல்’ என்கிறேன். எண்களைக் கொடுத்து முகவரியைக் கேட்கும் எதிர்வேலைக்கு ‘முகவரிகாணல்’. இரண்டும் ஜோடியாக நிற்கின்றன, தனியாக விளக்கம் வேண்டாம். பொத்தானில் ‘இடம் காண்க’ என்று போட்டால் யாருக்கும் புரியும்.

> இடங்காணல் ஜிபிஎஸ்ஸுக்கும் பொருந்துமே?

ஃபோன் தான் இருக்கும் இடத்தைத் தெரிந்துகொள்வதற்கு ‘இருப்பிடமறிதல்’ என்று விட்டுவிடலாம் அக்கா. குழப்பம் வரும் என்று தோன்றினால் கட்டுரையில் முதல் தடவை மட்டும் ‘முகவரி இடங்காணல்’ என்று முழுதாக எழுதிக்கொள்ளலாம்.

எனக்கு ‘காணல்’ பிடித்ததற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. தேடினால் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம், பாதி கிடைக்கலாம் என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. எங்கள் பட்டியலில் ‘ஊருணி மேல்கரை’, ‘சிவன் கோயில் தெற்கு வீதி’ என்றுதான் பாதி முகவரிகள், கதவு எண்ணே கிடையாது; கானாடுகாத்தான் என்ற ஊர்ப்பெயரையே ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதியிருக்கிறார்கள். முதல் தடவை ஓட்டியபோது நான் எடுத்துக்கொண்ட சேவை, தெருவைக் காணாத முகவரிகளுக்கெல்லாம் ஊரின் நடுப்புள்ளியைக் கொடுத்துவிட்டது. நூற்றுக்கணக்கான வீடுகள் ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருந்தன, எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் பிரியவில்லை. அப்புறம் தரவுத்தளத்தில் ஒரு பத்தி (நெடுவரிசை) சேர்த்து ‘வீடு கண்டது’, ‘தெரு கண்டது’, ‘ஊர் மட்டும் கண்டது’, ‘காணவில்லை’ என்று பிரித்து, கடைசி இரண்டையும் கையால் சரிசெய்து வருகிறேன். குறியாக்கம் என்ற சொல்லை வைத்துக்கொண்டு இந்த நாலு நிலையையும் இவ்வளவு லேசாகச் சொல்ல முடியுமா?

வீட்டையே கண்டுவிட்டால்கூட எங்கள் ஊரில் வேலை முடிவதில்லை. முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில் என்று நீளும் வீடுகள் இவை. கட்டடத்தின் மையத்தை எடுத்தால் புள்ளி வளவுக்குள், அதாவது வீட்டின் உள்முற்றத்தில் போய் விழுகிறது, வண்டியில் வருபவர் எந்தத் தெருவுக்குள் திரும்புவது? முகப்பு வாசலில்தான் வைக்க வேண்டும் என்று முடிவு செய்தோம். இது காண்பது அல்ல, வைப்பது. இந்த இரண்டையும் பிரிக்கும் சொற்கள் தமிழில் கட்டாயம் வேண்டும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஏனென்றால் புதிதாக நிரல் எழுதுபவர்கள் இரண்டையும் ஒரே வேலையாக நினைத்து, பக்கம் திறக்கும்போதெல்லாம் 1,200 முகவரிகளையும் சேவையிடம் கேட்க வைத்துவிடுகிறார்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத்தின் முகவரி தேடும் சேவையான நாமினேட்டிமின் பொதுச் சேவையகத்தில் நொடிக்கு ஒரு கேள்விக்கு மேல் கூடாது என்பது விதி. அந்தக் கணக்கில் எங்கள் பட்டியலுக்கு 20 நிமிடம். ஒரே ஒரு தடவை கேட்டு, வந்த எண்களை முகவரிக்குப் பக்கத்திலேயே சேமித்துவிட்டால் போதும், அது இடங்காணல். பக்கம் திறக்கும்போது சேமித்த எண்களை எடுத்து லீஃப்லெட் என்ற வரைபட நிரலகத்தில் காட்டுவது மட்டும் நடக்கும், அது ‘புள்ளிவைப்பு’.

புள்ளிவைப்பு என்று முதலில் சொன்ன நண்பருக்கு என் நன்றி, கோலத்திலிருந்து வந்த நல்ல சொல். செட்டிநாட்டில் மட்டும் சின்னச் சிக்கல் உண்டு. நகரத்தார் வழக்கில் ‘புள்ளி’ என்றால் திருமணமான தம்பதி, கோயில் வரி அந்தக் கணக்கில்தான். அண்ணன் தம்பி இருவர் குடும்பத்தோடு இருந்தால் ஒரு வீடு, இரண்டு புள்ளி. வரைபடத்திலோ ஒரே புள்ளி. எங்கள் தரவுத்தளத்தில் அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு பத்தி இருப்பதால், நாங்கள் உள்ளுக்குள் ‘வரைபடப் புள்ளி’ என்று எழுதிக்கொள்கிறோம். எங்கள் ஊர் வழக்குக்காக ஒரு நல்ல சொல்லை எல்லோரும் விட வேண்டாம்.

எண்களின் வரிசையையும் சொல் விளக்கத்தில் சேர்த்துவிடுங்கள். லீஃப்லெட் அகலாங்கை முதலில் கேட்கும், ஜியோஜேசான் என்ற தரவு வடிவத்தில் நெட்டாங்கு முதலில் வரும். மாற்றிப் போட்டால் காரைக்குடி, ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு மேற்கே கிரீன்லாந்துக் கடலில் போய் நிற்கும்.

நெருங்கிய புள்ளிகளைச் சேர்த்து ஒரே வட்டத்தில் எண்ணிக்கை காட்டுவதற்கு ‘திரள்’ சரியா, ‘கொத்து’ சரியா? நான் இப்போதைக்குத் ‘திரள்’ என்று போட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் யாராவது மாற்றுச் சொன்னால் பக்கத்திலும் மாற்றிவிடுவேன்.

அன்புடன்,
காரைக்குடியிலிருந்து