புது பைபர் பெட்டி, நெட் வரவில்லை – அவசரம் (கோத்தகிரி)

மலர்_கோத்தகிரி: போன மாதம் பழைய மோடத்தை எடுத்துவிட்டு வெள்ளைப் பெட்டி ஒன்றை மாட்டிவிட்டுப் போனார்கள். நேற்று வரை நன்றாக ஓடியது. இன்று காலையிலிருந்து நெட் வருவதும் போவதுமாக இருக்கிறது. மகளுக்கு 4 மணிக்கு ஆன்லைன் தேர்வு. யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

குன்னூர்_சிவா: பெட்டியில் எந்த விளக்கு எரிகிறது அக்கா? வீடு கல் சுவரா? 5 கிகாஹெர்ட்ஸ் வைபை கல் சுவரைத் தாண்டத் திணறும். பெட்டி தரும் இன்னொரு வைபையான 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு மாறிப் பாருங்கள்.

பனிமலை: மூடுபனிதான் காரணம். இங்கும் இரண்டு நாளாக எதிர் வீடே தெரியவில்லை.

கேபிள்_குரு: பனிக்கும் பைபருக்கும் சம்பந்தமே இல்லை. ஒளி கண்ணாடி இழைக்குள் போகிறது. விளக்கின் நிறத்தைப் பார்த்து எழுதுங்கள் என்று இங்கே எத்தனை முறை சொல்வது? அடிப்படை தெரியாமல் கேட்டால் யார் பதில் சொல்வது?

அரவேணு_ரவி: கூரைப் பக்கம் பாருங்கள். எங்கள் வீட்டில் குரங்கு தொங்கி வயரே அறுந்தது.

மலர்_கோத்தகிரி: எல்ஓஎஸ் என்ற இடத்தில் சிவப்பு விட்டு விட்டு எரிகிறது.

செம்புக்கம்பி: அப்படியென்றால் ஒளி சரியாக வந்து சேரவில்லை. வைபையை விடுங்கள். பின்னால் வரும் மெல்லிய வயரை யாராவது தொட்டீர்களா?

மலர்_கோத்தகிரி: ஆமாம் அண்ணா, நேற்று அலமாரியை நகர்த்திப் பெருக்கினோம். வயர் தரையில் கிடந்தது, சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு ஆணியில் மாட்டினேன். பழைய வயரையும் அப்படித்தானே வைத்திருந்தோம்.

செம்புக்கம்பி: அதுதான் விஷயம். பழையது செம்பு, மடக்கினாலும் மின்சாரம் போகும். இது கண்ணாடி, இறுக்கி வளைத்தால் ஒளி ஓரமாகக் கசிந்துவிடும். சாதாரண இழைக்கு வளைவின் ஆரம் 30 மில்லிமீட்டராவது வேண்டும். வீட்டுக்குள் போடுவதற்கென்றே வந்த இழையிலும் ஒரு வகைக்கு 7.5 வேண்டும். சாப்பாட்டுத் தட்டு அளவு வட்டமாகத் தளர விடுங்கள். பச்சை முனையைக் கழற்ற வேண்டாம். கழன்றுவிட்டால் நுனியில் விரல் படக் கூடாது, கண்ணருகே கொண்டுபோகவும் கூடாது.

பனிமலை: இதற்குத்தான் செம்பே மேல் என்கிறேன். கரண்ட் போனாலும் எக்ஸ்சேஞ்ச் பேட்டரியில் டெலிபோன் பேசும். இப்போது மழையில் கரண்ட் போனால் போனும் போச்சு.

கேபிள்_குரு: டெலிபோன் பேசியது, மோடம் ஓடியதா? செம்புக் கம்பியில் நெட் தந்த ஏடிஎஸ்எல் 2 பிளஸ்ஸுக்கு உச்சமே 24 எம்பிபிஎஸ், அதுவும் எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு. தூரத்து எஸ்டேட் வீடுகளுக்கு என்ன வந்தது? ஜிபான் என்ற இந்த பைபர் முறையில் ஒளி 20 கிலோமீட்டர் போகிறது.

அரவேணு_ரவி: இடி விழுந்த அன்று டெலிபோன் கம்பி வழியாக மின்னல் வந்து என் மோடமும், டெலிபோனையும் நெட்டையும் பிரிக்கும் ஸ்பிளிட்டரும் கருகின. அந்த வாடை இன்னும் மறக்கவில்லை.

பனிமலை: அடாப்டர் வழியாக இப்போதும் வரும் தம்பி. இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்கத்தான் வேண்டும்.

மலர்_கோத்தகிரி: ரப்பர் பேண்டை எடுத்துவிட்டேன். சிவப்பு அணைந்தது, பான் என்று எழுதிய விளக்கு பச்சையாக நிற்கிறது. நன்றி அண்ணா. மகள் தேர்வுக்கு உட்கார்ந்துவிட்டாள்.

செம்புக்கம்பி: நல்லது தங்கச்சி. பனிமலை சார், உங்கள் அடாப்டரில் 12 வோல்ட் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். அதற்கேற்ற மினி யுபிஎஸ், அதாவது சின்ன பேட்டரிப் பெட்டி, வைத்தால் கரண்ட் போனாலும் பெட்டி அணையாது.