வால்டாக்ஸ் சாலையின் மதிலைக் கண்டவர்கள் உண்டா?

தொடக்கப் பதிவு: பாரிமுனைப் பழையவர்

சென்னையின் தம்புச் செட்டித் தெருவில், துறைமுகத்துக்கு வரும் சரக்குகளுக்குச் சுங்க ஆவணங்கள் எழுதித் தரும் ஓர் அலுவலகத்தில் இருபத்தேழு ஆண்டுகள் வேலை பார்த்தேன். திருமணத்துக்கு முன்பு வால்டாக்ஸ் சாலையில் ஒரு விடுதி அறையில் இரண்டு நண்பர்களுடன் தங்கியிருந்தேன். வால்டாக்ஸ் என்பவர் யாரோ ஒரு வெள்ளைக்காரத் துரை என்றே நாங்கள் மூவரும் நம்பியிருந்தோம். பாரிமுனை என்றதும் முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியை நினைத்துக்கொண்ட ஊர்ப்புறத்துப் பையன் நான். அது 1788இல் இங்கே வணிகம் தொடங்கிய தாமஸ் பாரியின் பெயர் என்பதே வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்த பெரியவர்தான் அந்த மயக்கத்தைத் தீர்த்தார். வால்டாக்ஸ் என்பது ஆளின் பெயரே அன்று, மதில் கட்டியதற்காக ஊராரிடம் கேட்ட வரியின் பெயர் என்றார். மைசூரின் ஹைதர் அலி 1769இல் பரங்கிமலை வரை வந்து, கும்பினியாரை, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியாரை, உடன்படிக்கைக்கு இணங்க வைத்துவிட்டுப் போன பிறகு, புனித ஜார்ஜ் கோட்டைக்கு வடக்கே இருந்த கருப்பர் நகரத்தின் (இன்றைய ஜார்ஜ் டவுன்) மேற்கிலும் வடக்கிலும் மதில் எழுப்பினார்கள். கிழக்கே கடலே காவல். மதிலால் காப்பாற்றப்படுகிறவர்கள் நீங்கள்தாம், ஆகவே செலவையும் நீங்களே தாருங்கள் என்று கும்பினியார் குடிமக்களிடம் கேட்க எண்ணினார்கள். ஆனால் அப்படியொரு வரி விதிக்கத் தங்களுக்குச் சட்டப்படி அதிகாரம் உண்டா என்ற ஐயம் எழுந்ததால் அது கடைசிவரை வசூலாகவில்லை. ஆக, தண்டப்படாத ஒரு வரியின் பெயர்ப்பலகைக்குக் கீழே நின்றுதான் நான் தினமும் காலையில் தேநீர் குடித்திருக்கிறேன்.

பெரியவர் அன்று மாலையே என்னைப் பாரிமுனையில் இருக்கும் டேர் ஹவுஸ் கட்டடத்தின் மூலைக்கு அழைத்துப் போய் ஒரு கல் தூணைக் காட்டினார். எத்தனையோ ஆண்டுகளாக அதன் பக்கமாக நடந்திருக்கிறேன். ஒரு முறையும் பார்த்ததில்லை. 1758 டிசம்பரிலிருந்து 1759 பிப்ரவரி வரை பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையை முற்றுகையிட்டபோது, அருகிலிருந்த வீடுகள் எதிரிக்கு மறைவிடமாகிவிட்டன. இனிமேல் கோட்டையிலிருந்து சுடும் பீரங்கிக்கு எதிரே எந்தச் சுவரும் நிற்கக் கூடாது என்று வெட்டவெளி ஒன்றை வகுத்து, அதன் எல்லையைக் காட்ட 1773இல் பதின்மூன்று தூண்களை நட்டார்கள். அவற்றில் எஞ்சியிருப்பது இந்த ஒன்றுதான். தூணுக்குத் தெற்கே, வீடே கட்டக் கூடாது என்று விலக்கப்பட்ட அந்த நிலத்தில், 1892 முதல் உயர் நீதிமன்றம் நிற்கிறது.

மதிலை மட்டும் நான் பார்த்ததே இல்லை. நீங்கள் யாரேனும் அதை எங்கேயாவது எதிர்கொண்டிருந்தால் சொல்லுங்கள்.

யானைக்கவுனி வீட்டுக்காரி

ஐயா, நாங்கள் ஆண்டுக்கு ஒரு முறை அந்த மதிலைத் தாண்டுகிறோம். கல்லும் சுண்ணாம்பும்தான் அங்கே இல்லை.

கவுனி என்றால் கோட்டை வாயில். நீங்கள் சொல்லும் மேற்கு மதிலில் இருந்த வாயில்களுள் ஒன்றின் பெயர்தான் எங்கள் பகுதிக்கு யானைக்கவுனி என்று நிலைத்திருக்கிறது. புரட்டாசியில் திருமலைப் பிரம்மோற்சவத்தையொட்டி, பூக்கடை சென்னகேசவப் பெருமாள் கோயிலிலிருந்து திருப்பதிக் குடைகள் புறப்படும். காலையில் புறப்படுபவை தெருத் தெருவாக நின்று நின்று வந்து, மாலை நான்கு மணிவாக்கில்தான் எங்கள் பக்கம் சேரும். “குடை கவுனி தாண்டிவிட்டதா?” என்பதுதான் அன்று முழுவதும் வீட்டுக்கு வீடு கேட்கும் கேள்வி. என் மாமியார் அதைக் கண்ணால் பார்த்த பிறகே அன்னத்தில் கை வைப்பார். அவருக்குப் பின் அந்த வழக்கம் எனக்கு வந்தது. வெண்குடைகள் நெருங்கும்போது சாலை முழுவதும் எழும் கோவிந்தா முழக்கத்தில், பக்கத்தில் நிற்பவர் என்ன பேசுகிறார் என்பதே கேட்காது. அங்கிருந்து சூளை, அயனாவரம், வில்லிவாக்கம் என்று கடந்து, திருநின்றவூர், திருவள்ளூர் வழியாகக் குடைகள் மலைக்குப் போய்ச் சேர நாள்கள் ஆகும். இன்னமும் அந்த இடத்தை ஊர் எல்லையாகவே மனம் கொள்கிறது. மாமியார் வாயில், கவுனிக்கு மேற்கே சூளைக்குப் போவதுகூட “பட்டணத்துக்கு வெளியே” போவதாகத்தான் இருந்தது.

குடை புறப்படும் அந்தக் கோயிலும் இப்போதிருக்கும் இடத்தில் பிறந்ததன்று. நீங்கள் குறிப்பிட்ட முற்றுகைக்கு முன்பே, கோட்டையின் காவலுக்காக, அதன் அருகிலிருந்த பழைய பட்டணம் கோயிலை 1757இல் இடித்தார்கள். அது நின்ற இடம் இன்றைய உயர் நீதிமன்ற வளாகத்துக்குள் அடங்கிவிட்டது. மாற்றிடத்தில், மணலி முத்துக்கிருஷ்ண முதலியாரின் முயற்சியால், சென்னகேசவருக்கும் சென்னமல்லீசுவரருக்கும் அடுத்தடுத்து இரண்டு கோயில்கள் எழுந்தன. பீரங்கிக்காக வீட்டை இழந்த பெருமாளின் வாசலிலிருந்து கிளம்பும் குடைகள்தாம், பீரங்கிக்குப் பயந்து கட்டிய மதிலின் வாயிலைத் தாண்டிப் போகின்றன. இதை நான் அறிந்தது திருமணமாகிப் பத்தாண்டுகள் கழித்துத்தான்.

வண்ணைவாசி

பெயரை விடுங்கள், மதிலையே நான் பார்த்திருக்கிறேன். பார்த்தது மட்டுமன்று, அதன் மேல் உட்கார்ந்து பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்குப் படித்திருக்கிறேன்.

பழைய சிறைச்சாலைச் சாலையில் மாடிப் பூங்கா என்று ஒன்று உண்டு. வடக்கு மதிலின் மிச்சம் அதுதான். மதிலின் தலையையே பூங்காவாக்கி, ஏறிப்போகப் படிகள் வைத்திருந்தார்கள். எங்கள் வீட்டில் ஒரே அறை, ஆறு பேர். ஆகவே மாலையில் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அங்கே போய்விடுவேன். தரையில் இருக்க வேண்டிய பூங்காவை எதற்காக இவ்வளவு உயரத்தில் கட்டினார்கள் என்று அப்போது வியந்ததுண்டு. காரணத்தைக் கேட்டறியத் தோன்றவில்லை. மேலே பெஞ்சில் படுத்தால் முதுகில் கல்லின் சூடு ஏறும். சித்திரை வெயில் இறங்கி வெகுநேரம் ஆன பிறகும் அது ஆறாது. இவ்வளவு பருமனான சுவரை எந்தக் கொத்தனார் கட்டுவார் என்று ஒரு நாள் என் தந்தையிடம் கேட்டேன். “அது வீட்டுச் சுவர் இல்லை, சண்டைக்குக் கட்டினது” என்று மட்டும் சொன்னார். அவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், பள்ளிக்குப் போகாதவர்.

கொத்தவால் சாவடிக்காரர்

கொத்தவால் சாவடிச் சந்தை 1996இல் கோயம்பேட்டுக்கு மாறும்வரை எங்கள் குடும்பத்துக்கு அங்கே வெங்காய மண்டி இருந்தது. சரக்கு வண்டிகள் விடியுமுன் வால்டாக்ஸ் சாலையில் வரிசையாக நிற்கும். நெரிசலை நொந்துகொண்டு வண்டியோட்டி ஒருவர், “இந்தத் தெருவுக்குள் நுழையவே வரி கேட்பார்கள் போலிருக்கிறது, அதனால்தான் இந்தப் பெயர்” என்று சொன்னது நினைவிருக்கிறது. அவர் விளையாட்டாகச் சொன்னாரா, உண்மையாகவே அப்படி நம்பினாரா என்பது எனக்கு விளங்கவில்லை. சாலைக்கு வ.உ.சி.யின் பெயரைச் சூட்டிய பிறகும், எங்கள் மண்டியில் எந்தச் சீட்டிலும் வால்டாக்ஸ் என்ற பெயர் மாறவில்லை.

பாரிமுனைப் பழையவர்

வண்ணைவாசி சொன்ன பூங்காவுக்குச் சென்ற ஞாயிற்றுக்கிழமை போய்வந்தேன். முழங்கால் வலியோடு நெடுநேரம் நிற்க இயலவில்லை. செங்கல் தெரிந்த ஓரிடத்தில் மட்டும் கை வைத்துப் பார்த்தேன். வெயில் இல்லாததால் சூடு எதுவும் தெரியவில்லை.

யானைக்கவுனி அம்மாவிடம் ஒன்று கேட்க வேண்டும். வருகிற புரட்டாசியில் குடை தாண்டுவதைப் பார்க்க எண்ணியிருக்கிறேன். கூட்டத்தில் இடிபடாமல் நிற்க, யானைக்கவுனிப் பாலத்துக்கு எந்தப் பக்கம் நல்லது? எத்தனை மணிக்கு வந்தால் இடம் கிடைக்கும்?