மறு: கம்ப்ளையன்ட் ரோலருக்குத் தமிழ்: இணங்குருளையா?

அன்பர்களுக்கு வணக்கம். கம்ப்ளையன்ட் ரோலர் என்றால் அழுத்தினால் அமுங்கிக்கொடுக்கும் உருளை; அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் உரையாடல் இழை இது.

> கம்ப்ளையன்ஸ் என்றால் இணக்கம். ஆகவே இணங்குருளை என்பேன்.

அகராதிப்படி சரிதான். ஆனால் ‘இணக்கம்’ என்றதும் எனக்குத் தணிக்கை அதிகாரியும் வரிப் படிவமும்தான் கண்முன் வருகின்றன. பொருளைப் பார்த்துப் பெயர் வைப்போமே.

ரோபோக்கள் கால்பந்து ஆடும் ரோபோகப் போட்டியின் சிறு அளவுப் பிரிவில் ஆடுவது ஆரஞ்சு நிற கோல்ஃப் பந்து; விட்டம் சுமார் 43 மி.மீ., எடை 46 கிராம். ரோபோவின் முகப்பில் ஓர் உருளை வேகமாகச் சுழன்று, பந்தைத் தன் பக்கமே உருள வைத்துப் பிடித்துக்கொள்ளும். உருளை இறுகலாக இருந்தால் வந்த பந்து மோதித் தெறித்துவிடும். கொஞ்சம் அமுங்கினால் தொடும் பரப்பு கூடும், மோதிய வேகமும் அதிலேயே அடங்கும்.

எங்கள் மாணவர் அணிக்கு உருளை கடைய அம்பத்தூரில் ஒரு லேத் பட்டறைக்குப் போனோம். கையில் ரப்பர் போன்ற இரண்டு துண்டுகள்: பி.யூ. (பாலியூரித்தேன்) ஒன்று, சிலிக்கான் ஒன்று. (வேதியியல்படி சிலிக்கோன். பாரிமுனைக் கடையில் அப்படிக் கேட்டுப் பாருங்கள், உங்களைத் திருத்துவார்கள்.) நான் ரப்பரின் கடினத்தைச் சொல்லும் ஷோர் ஏ எண், எண் குறைந்தால் மென்மை என்று விளக்கிக்கொண்டிருந்தேன். பட்டறை அண்ணன் இரண்டையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, “இது அமுங்குது சார், அது அமுங்கல” என்று முடித்துவிட்டார்.

அதுதான் சொல். அமுங்குருளை. ஊறுகாய் போல வினைத்தொகை, முக்காலத்துக்கும் அமுங்கும்.

இழையில் வந்த மற்ற இரண்டும் எனக்கு உதவவில்லை. ‘மென்னுருளை’ மென்பொருளின் தம்பி போல ஒலிக்கிறது. ‘நெகிழுருளை’ என்றால், 2019 தடைக்குப் பிறகு நெகிழி, நெகிழி என்றே கேட்டுப் பழகிய நம்மவர்கள் பிளாஸ்டிக் உருளை என்றுதான் நினைப்பார்கள்.

இன்னொன்று. அமுங்குவதும் பிடிப்பதும் வேறு வேறு குணங்கள். சிலிக்கான் நன்றாகப் பிடிக்கும். தூசு படிந்தால் போச்சு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். சீக்கிரம் கிழியவும் செய்யும். பி.யூ. தேய்மானம் தாங்கும். ஆகவே ‘கிரிப்’புக்குத் தனிச்சொல் வேண்டும். ‘பற்று’ அழகுதான், ஆனால் அதைக் கணக்குப்பிள்ளைகள் எப்போதோ எடுத்துக்கொண்டார்கள். பட்டறையில் புழங்கும் ‘பிடிமானம்’ இருக்கட்டும்.

---

> அமுங்குருளை என்று வீட்டில் சொன்னேன். “உருளைக்கிழங்கு மசியலா?” என்கிறார்கள். ‘அமுங்கு உருளை’ என்று பிரித்து எழுதலாமா?

பிரித்தால் கிழங்கு இன்னும் பக்கத்தில் வந்துவிடும் ஐயா. பள்ளிக் கணக்குப் பாடத்தில் உருளையின் கனஅளவு போட்ட பிள்ளைகளுக்கு இந்தக் குழப்பம் வராது. சேர்த்தே எழுதுவோம்.

வேறு மறுப்பு இல்லையென்றால் ஞாயிறன்று விக்சனரி இணைய அகராதியில் ஏற்றிவிடுகிறேன். ‘பிடிமானம்’ பற்றித் தனி இழை தொடங்குங்கள். இதிலேயே இழுத்தால் பிறகு தேட முடியாது.