ஒரே கோப்பை: எனக்கு மிளகு மணக்கிறது, மனைவிக்கு மணக்கவில்லை. ஏற்காட்டு இரவு, ஒயின், மின்கார் குறித்துச் சில ஐயங்கள்

கோரிமேட்டார் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீடு, என் சகலை வீடு, கல்லூரி நண்பர் ஒருவரின் வீடு என மூன்று குடும்பங்கள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சனிக்கிழமை பிற்பகலில் சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் சென்று, நாகலூர்ப் பக்கம் நண்பரின் காபித் தோட்டத்து வீட்டில் ஓர் இரவு தங்கித் திரும்புவது வழக்கம். வீட்டுக்கு ஒரு பதார்த்தம் சமைத்து எடுத்துச் செல்வோம். இரவில் இரண்டு ஒயின் புட்டிகளைத் திறந்து, ஆளுக்கு இரண்டு விரல் உயரம் ஊற்றி, நிறம் பார்த்து, முகர்ந்து, மெல்லச் சுவைத்து, அவரவர்க்குத் தோன்றியதை ஒரு நோட்டில் எழுதி வைப்போம். வண்டிச் சாவிகள் மாடத்துக்குப் போன பிறகே புட்டி திறக்கப்படும். மறுநாள் மதியச் சாப்பாடு முடியும் வரை யாரும் ஓட்டுவதில்லை. குடிப்பது குறைவு, பேசுவது அதிகம். இந்த இரவுக்காக நான் இரண்டு மாதமும் காத்திருக்கிறேன் என்று சொன்னால் அது மிகையில்லை.

சென்ற முறை சகலை மெல்போர்னிலிருந்து கொண்டுவந்த ஷிராஸ் என்ற சிவப்பு ஒயின் ஒன்றைத் திறந்தோம். கோப்பையை மூக்கருகே கொண்டுபோனதுமே எனக்கு மிளகு மணத்தது. என் மாமனார் மது அருந்துவதில்லை. முகர்ந்து பார்ப்பதோடு சரி. செவ்வாய்ப்பேட்டை மண்டி ஒன்றில் நாற்பது ஆண்டுகள் கணக்கெழுதியவர் அவர். கோப்பையை வாங்கி, கண்ணை மூடி, ஒரே ஒரு முறை முகர்ந்துவிட்டு, "மிளகுதான் மாப்பிள்ளை. மூட்டையைப் பிரித்ததும் வருகிற மணம்" என்றார். என் மனைவியோ பத்து நிமிடம் முயன்றும் மிளகின் சாயல்கூட இல்லை என்றாள். சமையலில் உப்புக் குறைவதை வாசனையிலேயே சொல்லிவிடக்கூடியவள் அவள். நானும் மாமனாரும் கற்பனை செய்துகொள்கிறோமா, அல்லது அவளுக்கு ஏதேனும் குறையா என்ற வருத்தம் அவளுக்கு இன்னும் தீரவில்லை. இதுவே என் முதல் கேள்வி.

இரண்டாவது கேள்வி உணவைப் பற்றியது. பள்ளிபாளையம் சிக்கனோடு காபர்னே சாவிஞான் வகைச் சிவப்பு ஒயினைச் சுவைத்தபோது நாக்கு தீப்பற்றியதுபோல் எரிந்தது. தனித்தனியே இரண்டும் நன்றாகத்தான் இருந்தன.

மூன்றாவது கேள்வி வண்டியைப் பற்றியது. எங்களுடையது 30 யூனிட் பேட்டரி உள்ள மின்கார். ஏறும்போது 35 சதவீதம் குறைகிறது. தோட்டத்து வீட்டில் இரவு முழுவதும் சார்ஜ் போட்டு 100 சதவீதத்தோடு கீழே இறங்கத் தொடங்கியபோது, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் தானே வேகம் குறைய வேண்டிய கார் குறையாமல் உருண்டது. முதல் நான்கைந்து கொண்டை ஊசி வளைவுகளைப் பிரேக்கை மிதித்தே கடந்தேன். வண்டியில் கோளாறு இருக்கிறதா? சர்வீஸ் மையத்தில் தெளிவான பதில் கிடைக்கவில்லை.

மிளகுக்கொடி எழுதியது:

கோரிமேட்டார் அவர்களுக்கு வணக்கம். நறுமணப் பொருள்களை முகர்ந்து தரம் பிரிக்கும் ஆய்வகம் ஒன்றில் பதினொரு ஆண்டுகள் பணியாற்றியவள் என்ற முறையில் முதல் கேள்விக்கு மட்டும் விடை எழுதுகிறேன். உங்கள் மனைவிக்கு முதலில் இதைச் சொல்லிவிடுங்கள்: அவருக்கு ஒரு குறையும் இல்லை, நீங்கள் இருவரும் கற்பனை செய்யவும் இல்லை.

ஷிராஸ் திராட்சையின் தோலில் ரோட்டண்டோன் என்றொரு சேர்மம் உண்டு. மிளகின் மணத்தைத் தருவதிலும் இதே சேர்மத்துக்கு முக்கியப் பங்கு இருக்கிறது. ஆகவே ஒயினில் மிளகு மணக்கிறது என்பது உவமை அன்று. இரண்டிலும் இருப்பது ஒரே பொருள். ஆஸ்திரேலியாவின் ஒயின் ஆராய்ச்சி நிறுவனத்தினர் 2008-இல் இதை உறுதிசெய்தார்கள். அந்த ஆய்விலேயே தெரியவந்த இன்னொரு செய்திதான் உங்கள் வீட்டுக்குரியது: சுவைத்துப் பார்த்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு, அளவைப் பன்மடங்கு கூட்டிய பிறகும், இந்த மணம் தெரியவே இல்லை. மற்ற மணங்களையெல்லாம் கூர்மையாகப் பிரித்தறியும் மூக்குக்கும் இந்த ஒன்று மட்டும் எட்டாமல் போகலாம். எங்கள் ஆய்வகத்தில் எல்லாரும் மதித்த மூத்த அம்மையார் ஒருவருக்கும் அப்படித்தான் இருந்தது.

அப்படியானால் சமையலறையில் மிளகு அவருக்கு மணக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். மிளகில் வேறு பல மணப்பொருள்களும் இருப்பதால் அவற்றைக் கொண்டு அவர் மிளகை அடையாளம் கண்டுகொள்வார். ஒயினில் அந்தத் துணைகள் இல்லை. காரம் என்பது வேறு கதை. அது பைப்பெரின் தருவது, நாக்கில் தெரிவது, மூக்குக்கு உரியதன்று.

எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்றையும் இங்கே சேர்த்துவிடுகிறேன். ரோட்டண்டோன் என்ற பெயரே நம் கோரைக்கிழங்கிலிருந்து வந்தது. கோரையின் தாவரப் பெயரில் ரொட்டுண்டஸ் என்ற சொல் உண்டு; முதலில் அந்தக் கிழங்கிலிருந்துதான் இந்தச் சேர்மத்தைப் பிரித்தெடுத்தார்கள். நலங்கு மாவில் கோரைக்கிழங்கு சேர்த்து அரைத்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்த மணம் ஒயினுக்கு முன்பே பழக்கமானது.

ஐயம் தீர ஒரு சோதனை செய்யுங்கள். ஒரே மாதிரியான மூன்று கோப்பைகளை எடுத்துக்கொண்டு, இரண்டில் ஷிராஸும் ஒன்றில் வேறொரு சிவப்பு ஒயினும், ஊற்றியவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாதபடி வையுங்கள். தனித்து நிற்கும் கோப்பை எது என்று முகர்ந்தே கண்டுபிடிக்க வேண்டும். உங்கள் மனைவி மிளகு தெரியாமலேயே வேறு தடயத்தால் சரியாகச் சொல்லிவிடவும் கூடும். அப்படிச் சொன்னால் எதைக் கொண்டு கண்டுபிடித்தார் என்பதைத் தவறாமல் எழுதி வையுங்கள்.

அஸ்தம்பட்டி வாசகி எழுதியது:

மேலே அக்கா சொன்ன சோதனையின்போது தலையில் மல்லிகைப் பூவும், அறையில் சாம்பிராணியும், கையில் வாசனைச் சோப்பும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் ஒருமுறை காபிக்கொட்டைகளை முகர்ந்து ஒப்பிட்டபோது ஒரு முழம் மல்லிகை எல்லாவற்றையும் கெடுத்துவிட்டது.

செவ்வாய்ப்பேட்டைச் சமையல்காரர் எழுதியது:

உங்கள் இரண்டாவது கேள்விக்கு, பள்ளிபாளையம் சிக்கனில் விழும் வற்றல் மிளகாயின் அளவே பாதி விடையாகும். மிளகாயின் எரிவை மதுவின் வீரியம் மேலும் தூண்டும். துவர்ப்பும் சேர்ந்தால் எரிவு இன்னும் கூடும். சிவப்பு ஒயினில் டானின் என்று சொல்வதை நாம் வேற்றுமொழியில் கற்க வேண்டியதில்லை. வாழைப்பூவையும் கொட்டைப்பாக்கையும் மென்று வளர்ந்த நமக்கு அறுசுவையில் ஒன்றாகத் துவர்ப்பு ஏற்கெனவே தெரியும். அந்தத் துவர்ப்பைத் தணிப்பவை கொழுப்பும் புரதமும் உப்பும். ஆகையால் அந்தச் சிவப்பு ஒயினை, மிளகாய் குறைவாகவும் கொழுப்பு நிறைவாகவும் உள்ள ஆட்டு நெஞ்செலும்புக் குழம்புக்கோ மிளகு வறுவலுக்கோ ஒதுக்கி வையுங்கள். அதிலும் தோட்டத்துச் சில்வர் ஓக் மரங்களில் படர்ந்த கொடியின் மிளகைச் சமைப்பதற்குச் சற்று முன்பு இடித்துப் போட்ட வறுவலுக்கு, மிளகுக்கொடி அம்மா சொன்ன காரணத்தாலேயே, ஷிராஸைவிடப் பொருத்தமான துணை கிடையாது.

பள்ளிபாளையம் சிக்கனுக்குச் சற்றே இனிப்பு எஞ்சிய, வீரியம் குறைந்த வெள்ளை ஒயினை நன்றாகக் குளிரவைத்துக் கொடுங்கள். நாசிக் பக்கத்தில் செய்யப்படும் செனின் பிளாங்க் ஒயின்களில் இத்தகையவை உண்டு. புளி சேர்த்த மேட்டூர் மீன் குழம்புக்குப் புளிப்புக் குறைந்த ஒயினை வைத்தால் அது உப்புச்சப்பற்றுத் தோன்றும். உணவில் புளிப்பு இருந்தால் ஒயினிலும் புளிப்பு வேண்டும். தட்டு வடை செட்டையும் ஒருமுறை முயன்று பாருங்கள். காரச் சட்னியைக் குறைத்து, கேரட்டும் பீட்ரூட்டும் வெங்காயமும் தாராளமாக வைத்து, நுரைக்கும் வெள்ளை ஒயினோடு கொடுத்தபோது என் வீட்டில் தட்டு காலியான வேகத்தை நானே எதிர்பார்க்கவில்லை.

சிவப்பு ஒயினை 16 முதல் 18 டிகிரியில் பரிமாறுவது நல்லது. சேலத்து வீட்டில் அதற்குக் குளிர்பெட்டி வேண்டும். ஏற்காட்டு மார்கழி இரவில் திண்ணையே போதுமானது.

இருபதாம் வளைவு எழுதியது:

வண்டியில் கோளாறு இல்லை, அண்ணா. பேட்டரி நிறைந்திருந்ததுதான் காரணம்.

காலை எடுத்ததும் கார் வேகம் குறைவது, மோட்டார் மின்னாக்கியாக மாறிச் சக்கரத்தின் இயக்க ஆற்றலை மின்சாரமாக்கிப் பேட்டரிக்கு அனுப்புவதால் நிகழ்கிறது. பேட்டரி 100 சதவீதம் நிறைந்திருக்கும்போது அந்த மின்சாரத்துக்குப் போக இடமில்லை. எனவே வண்டி அந்த வசதியைத் தானே குறைத்துக்கொள்கிறது. நிறைகுடத்தில் ஊற்றிய தண்ணீரை எண்ணிக்கொள்ளுங்கள். குளிர்ந்த காலையில் இது இன்னும் சற்று அதிகமாகத் தெரியும்.

கணக்கையும் சொல்கிறேன். சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் உயர வேறுபாடு சுமார் 1,200 மீட்டர். நான்கு பேரோடு 1,900 கிலோ எடையுள்ள காரை அவ்வளவு உயரம் தூக்கவே 6 யூனிட்டுக்குச் சற்று மேல் தேவை. அதோடு முப்பது கிலோமீட்டர் ஓடுவதற்கான வழக்கமான செலவு நான்கு யூனிட் சேர்ந்தால் உங்கள் 35 சதவீதம் சரியாக வந்துவிடுகிறது. இறங்கும்போது, உருளும் உராய்வும் காற்றுத் தடையும் மாற்ற இழப்பும் போக, சுமார் 3 யூனிட் திரும்பக் கிடைக்கும். அதாவது 10 சதவீதம். ஆகையால் மேலே 80 சதவீதத்தில் சார்ஜை நிறுத்திவிடுங்கள். 20 வளைவுகளிலும் பெரும்பாலும் பிரேக்குக்கு வேலையே இருக்காது. சூடான பிரேக்கின் கருகல் வாடை இல்லாமல், கண்ணாடியை இறக்கிவிட்டு, என்ஜின் இரைச்சலின்றிக் காபிப் பூ மணத்துக்கு நடுவே இறங்குவது தனி இன்பம். கோடை மழை பெய்து பூத்த வாரத்தில் ஒருமுறை சென்று பாருங்கள்.

தோட்டத்து வீட்டின் 15 ஆம்பியர் பிளக்கில் எர்த் சரியாக இருக்கிறதா என்று ஒரு மின்பணியாளரைக் கொண்டு சோதித்த பிறகே இரவு முழுவதும் சார்ஜ் போடுங்கள். மழைக்கால இடி நேரத்தில் பிளக்கைக் கழற்றிவிடுவது நல்லது. மற்றொன்று, சித்திரை வெயிலில் ஒயின் புட்டிகளை டிக்கியில் வைக்காதீர்கள். ஏசி வரும் பின்னிருக்கையின் காலடியில் துணி சுற்றிப் படுக்கவையுங்கள்.

கோரிமேட்டார் எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. சென்ற சனிக்கிழமை சென்று வந்தோம். சகலையிடம் அதே ஷிராஸ் இன்னொரு புட்டி இருந்தது.

மூன்று கோப்பைச் சோதனையில் நானும் மாமனாரும் தனிக் கோப்பையைச் சரியாகச் சொன்னோம். மனைவியும் சரியாகச் சொன்னாள். ஆனால் மிளகு இப்போதும் அவளுக்குத் தெரியவில்லை. தனிக் கோப்பையில் நாவல்பழத்தைப் பிழிந்த கையின் மணம் வருகிறது என்றாள். அதன் பிறகு நாங்கள் அனைவரும் அந்தக் கோப்பையை மீண்டும் முகர்ந்தோம். நாவல்பழம் இருந்தது. அதுவரை எங்களில் ஒருவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. நோட்டில் அந்த வரியை அவளே தன் கையால் எழுதினாள்.

நெஞ்செலும்புக் குழம்பும் மிளகு வறுவலும் சிவப்புக்குப் பொருந்தின. செனின் பிளாங்க் பள்ளிபாளையத்தை அடக்கியது என்று சொல்ல முடியாது. ஆனால் அடுத்த கவளத்தை எடுக்கத் தூண்டியது. தட்டு வடை செட் பிள்ளைகளிடமிருந்து தப்பி எங்களுக்கு வந்து சேரவில்லை.

மறுநாள் 79 சதவீதத்தோடு புறப்பட்டு அடிவாரம் சேர்ந்தபோது திரை 87 காட்டியது. பிரேக்கை மிதித்தது குரங்குகளுக்காக இரண்டு இடத்தில் மட்டுமே. அடுத்த முறை மண்டியிலிருந்து மூன்று ஊர் மிளகு வாங்கி வந்து கோப்பைகளுக்கு அருகே தட்டில் வைக்க வேண்டும் என்று மாமனார் இப்போதே சொல்லிவிட்டார். மிளகுக்கொடி அம்மா, மிளகை முழுதாக வைப்பதா, இடித்து வைப்பதா என்று மட்டும் தயவுசெய்து சொல்லுங்கள்.