புதுப்பிப்பு: முகவரியில் கமா இருந்த சிஎஸ்வி கோப்பு போஸ்ட்கிரஸில் ஏறிவிட்டது

உதவிய எல்லாருக்கும் நன்றி. எங்கள் தமிழ் நூலக உறுப்பினர் பட்டியலை சிஎஸ்வி கோப்பிலிருந்து (பத்திகளை, அதாவது நெடுவரிசைகளை, கமாவால் பிரிக்கும் உரைக் கோப்பு) போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தில் ஏற்றும்போது, கடைசிப் பத்திக்குப் பிறகும் தரவு இருப்பதாகப் பிழை வந்து நின்றது அல்லவா? ‘பிளாக் 12, #05-34’ என்று முகவரிக்குள் இருந்த கமாதான் காரணம். மேற்கோள் குறிக்குள் இருந்தாலும், கோப்பை ஏற்றும் காப்பி கட்டளை அதன் இயல்பான உரை வடிவத்தில் அந்தக் குறியைப் பொருட்படுத்தாது. வடிவத்தை சிஎஸ்வி என்று வெளிப்படையாகக் குறிப்பிடச் சொன்ன யோசனைதான் பலித்தது. தலைப்பு வரிக்கு ஹெடர் விருப்பத்தையும் சேர்த்தேன்.

எதிர்பாராதது ஒன்று. எல்லாம் ஏறிய அப்புறம் பார்த்தால், சிங்கப்பூரின் மரினா வட்டார ஆறிலக்க அஞ்சல் குறியீடுகள் ஐந்திலக்கமாகியிருந்தன. 018953 என்பது 18953 ஆகிவிடுகிறது. எண் வகைப் பத்தி முன்னால் வரும் சுழியத்தை வைத்துக்கொள்ளாது. அந்தப் பத்தியை டெக்ஸ்ட் (எழுத்து) வகைக்கு மாற்றி மறுபடி ஏற்றியதும் சரி. சிங்கப்பூர் முகவரிகளை ஏற்றுபவர்கள் இதை முதலிலேயே பாருங்கள், பிழைச் செய்தி எதுவும் வராது.