கொயிலாண்டி ஹூக்காவைச் சுத்தம் பண்ண யோசனை வேணுங்க

எல்லாருக்கும் வணக்கமுங்க. நான் கொழிஞ்சாம்பாறை பக்கம். எங்க அப்புச்சியோட ஹூக்கா ஒண்ணு வீட்ல இருக்கு. கோழிக்கோடு ஜில்லா கொயிலாண்டியில செஞ்சது. தண்ணி ஊத்துற குடுவை தேங்காய்ச் சிரட்டை, அதைச் சுத்திப் பித்தளைப் பூவேலை, மேல கடைசல் பிடிச்ச மரத்தண்டு. அவ்வளவு நேர்த்தியான கைவேலை, வீணாப் போக விட மனசு வரலை.

பித்தளைக்குக் கவலை இல்லீங்க. புளியும் உப்பும் வெச்சுத் தேய்ச்சா களிம்பு போயிடுது. ஊறத்தான் வைக்கக் கூடாது. புளிப்புல ரொம்ப நேரம் கிடந்தா துத்தநாகம் கரைஞ்சு செம்பு நிறம் தட்டிரும்.

சிக்கல் மரத்தண்டுலதான். உள்ளுக்குள்ள புகைக்கறை தார் மாதிரி இறுகிக் கிடக்கு. ஈர்க்குச்சி விட்டு எடுத்தா கருப்புப் பிசுக்கு ஒட்டிட்டு வருது, வெல்லம் கலந்த புகையிலை வாசம் இன்னும் போகலை. கண்ணாடி ஹூக்கான்னா வெந்நீரும் சமையல் சோடாவும் ஊத்தி பிரஷ் போட்டுடலாம். மரத்துல வெந்நீர் விட்டா உப்பி வெடிச்சிருமே! ஸ்பிரிட்ல நனைச்ச துணியைக் கம்பியில சுத்தி விடலாமா? மரம் கெடாதா?

சிரட்டையிலயும் மயிரிழை விரிசல். தேன்மெழுகு தாங்குமா, அரக்குதான் வேணுமா? யாரும் புகைக்கப் போறதில்லை. தண்ணி ஊத்தி இழுத்தா வர்ற அந்தக் குடுகுடு சத்தத்தை அம்மிச்சி ஒரு தடவை கேக்கணும்னு ஆசைப்படறாங்க.

சித்தூர், பாலக்காடு, பொள்ளாச்சி பக்கம் பழைய பித்தளைச் சாமான் பத்த வைக்கிறவங்க இருந்தாலும் சொல்லுங்க, நேர்ல கொண்டு போறேன்.